கன்னியம்மாவிடம் இருந்த வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைச் சுவருக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், அஞ்சலை ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நின்றாள்.

தெரியாத வார்த்தை இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். செல்போனின் அந்தப் பக்கம், கடல் தாண்டி ஏதோ ஒரு வளைகுடாத் துறைமுகத்தில், ஓர் அதிகாரி அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். சொன்னால் அவள் புருஷன் வீட்டுக்கு வரலாம். சொல்லாவிட்டால் வழக்கு, விசாரணை, வாய்தா... முடிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஏன் சொல்லவில்லை?

அந்த வார்த்தை அவளுடையது இல்லை. கன்னியம்மாவுடையது.

குழப்பமாக இருக்கிறதா? இருக்கட்டும். கோர்ட்டில் சிரஸ்தாராக, கோப்புகளின் காவலனாக இருந்தவன் நான். எதையும் வழக்கின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும்.

பழவேற்காடு ஏரியில் எவரும் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இறால் விழும் நல்ல இடங்களைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் அந்தத் தண்ணீர் இன்று உன்னுடையது. நீ வராமல் வீட்டில் படுத்திருந்தாலும் உன்னுடையதுதான். இன்னொருவன் அங்கே வலை இறக்க வேண்டுமா? உன்னைக் கேட்க வேண்டும். நீ படகிலோ கரையிலோ நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஓர் உதறு உதறினால், ‘போட்டுக்கோ’ என்று அர்த்தம். உதறாவிட்டால், அவன் திரும்பிப் போக வேண்டும். பத்திரம் இல்லை, முத்திரை இல்லை, கோர்ட் கட்டணம் இல்லை. ஆனாலும் நடக்கிறது. எங்கள் துறையில் இதெல்லாம் இருந்தும் காரியம் நடந்ததில்லை.

அஞ்சலையின் புருஷன் தேசப்பன் இந்த விதியை மீறினான். அதுவும் சொந்த அண்ணனின் பாடு நாளில். “அண்ணன் ஜுரத்துல படுத்துக்கினு கீறான், எடம் சும்மாத்தான கெடக்குது” என்று ஒரு விடியற்காலையில் வலையை இறக்கிவிட்டான். அண்ணன் விட்டிருப்பான். அண்ணி விடவில்லை. அந்த அண்ணிதான் கன்னியம்மா. நேராக ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனாள். அந்தப் பருவம் முழுக்க தேசப்பனுக்குப் பாடு கிடையாது என்று தீர்ப்பு.

வெட்கத்தில் தேசப்பன் வளைகுடாவுக்கு மீன்பிடிக் கூலியாகப் போனான். போன இடத்தில் என்ன செய்தான் தெரியுமா? முதலாளியின் படகை, மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு, பக்கத்து நாட்டுக் கடலுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சிலருக்கு எல்லைக்கோடு கண்ணில் விழுவதே இல்லை. படகு பறிமுதல். ஆள் காவலில்.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. ‘ஊரைக் கூட்டிப் புருஷனை அசிங்கப்படுத்தி நாட்டை விட்டே துரத்திவிட்டாள்’ என்பது அஞ்சலையின் கட்சி. கன்னியம்மாவின் கட்சி என்னவென்று எவருக்கும் தெரியாது. அவள் வாயே திறக்கவில்லை.

அஞ்சலை மீஞ்சூருக்கு என்னைத் தேடி வந்தது மனு எழுத. எழுதினேன். யாருக்கு எழுத வேண்டும், யாருக்கு நகல், எத்தனை நாள் கழித்து நினைவூட்டல், எந்த வாசகம் போட்டால் கோப்பு மேஜை மாறும்... எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒன்று விடாமல் செய்தேன். எல்லா இடத்திலிருந்தும் ‘மனு கிடைத்தது’ என்று ஒப்புகை வந்தது. ஆள் வரவில்லை.

“சார், அங்க ஒரு வக்கீலு பேசறாரு. படகு மொதலாளி வச்ச வக்கீலு. ஒண்ணும் புரியல. எனக்கு இங்கிலீஷ் வேணும்.”

முப்பது நாளில் ஆங்கிலம் என்கிற ரகப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்டிப் போவணும், ஆப்பிள் இன்னா வெல... இதான் சார் கீது இதுல. ஜெயில்ல எவன் சார் ஆப்பிள் விக்கிறான்?”

நியாயமான ஆட்சேபணை. ஏற்றுக்கொண்டேன்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த கட்டில் ஒரு நாடகம் இருந்தது. அட்டை கிழிந்துபோன, நூற்றாண்டுகள் பழைய ஆங்கில நாடகம். ஒரு கப்பல் தலைவன் வழி தவறி அந்நியத் துறைமுகத்தில் நுழைந்துவிடுகிறான். கோட்டைக் கவர்னர் அவனைச் சிறையில் போடுகிறார். அவன் மனைவி கோட்டை வாசலில் நின்று கவர்னரோடு வாதாடுகிறாள். நாடகம் என்றால் முழுக்கப் பேச்சு. அதுவும் மனுவாகவே பேசுகிறார்கள்! பெரிய பெரிய வார்த்தைகள். அதிகாரிகள் உபயோகிக்கிற அதே வார்த்தைகள்.

“நம்மூரு கோட்டை மாரியே கீது சார்” என்றாள் அஞ்சலை. இந்த நாடகத்தை எவனோ எழுதிக்கொண்டிருந்த காலத்தில் டச்சுக்காரன் இங்கே கோட்டைக்குள் உட்கார்ந்து கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பான். இன்று கோட்டை முள்காடு. அவன் கல்லறைதான் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கிக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து நாடகம் படிக்க முன்அனுமதி வேண்டும். வெளியே வேப்ப மரத்தடியில் வேண்டாம். விதி தெரிந்தவனுக்கு நிழல் எப்போதும் கிடைக்கும்.

ஞாயிறுதோறும் வாசிப்பு. நான், அஞ்சலை, ஆட்டோ ஓட்டும் பாஷா. நாலாவதாக வந்து உட்கார்ந்தது... கன்னியம்மா!

அவள் அங்கேதான் சுற்றுலா வருகிறவர்களுக்கு நண்டு விற்கிறாள். “டச்சுக்காருங்க வராங்க சார். செத்தவங்க பேரப் படிச்சிட்டுக் கண்ண தொடச்சிக்கிறாங்க. ஆறுதலா ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல சொன்னா நண்டு வாங்குவாங்க” என்றாள் என்னிடம். அஞ்சலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். நான் நம்பினேன். நண்டு நல்ல காரணம்தானே?

யாருக்கு எந்த வேஷம்? சண்டை வரும் போலிருந்தது. பாஷாதான் சொன்னார்: “சீட்டுப் போட்டுடலாம் சார். ஏரில போடற மாரி.”

போட்டோம். வாரா வாரம் வேஷம் மாறும். எனக்கு முதல் வாரமே கவர்னர் மாளிகை வேலைக்காரி வேஷம் விழுந்தது. பாஷா கவர்னர். “இன்னா சார், இந்தாளுக்கு டயலாக் கம்மி, கோவம்தான் ஜாஸ்தியா கீது” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. கடினமான வார்த்தைகளுக்கும் சீட்டுப் போட்டார்கள். ஒருவருக்கு விழுந்த வார்த்தை அவருடைய பாடு. அதன் அர்த்தத்தை அவர்தான் காப்பாற்ற வேண்டும். மற்றவர் அதைப் பேச வேண்டுமானால் கேட்க வேண்டும். உரியவர் துண்டையோ முந்தானையையோ உதற வேண்டும். அதற்கப்புறம்தான் பேசலாம். மொழி கற்பிக்கிற நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். தன் பெயரில் விழுந்த ஒரு வார்த்தையைக்கூட ஒருவரும் மறக்கவில்லை. சொத்து என்று வந்தால் மனிதனுக்கு ஞாபகசக்தி பெருகுகிறது.

அஞ்சலைக்கு ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’ விழுந்தது. ஒருவரின் அதிகாரம் செல்லுபடியாகும் எல்லை. எனக்கு ‘ப்ரோக்ராஸ்டினேஷன்’. காரியத்தைத் தள்ளிப்போடுதல். அரசாங்கத்தில் இத்தனை காலம் உழைத்ததைச் சீட்டு மறக்கவில்லை. கன்னியம்மாவுக்கு விழுந்தது ‘கிளமன்சி’. தண்டிக்கிற அதிகாரம் கையில் உள்ளவர், தண்டிக்காமல் காட்டுகிற கருணை.

இதில் ஒரு வேடிக்கை. தமிழில் ஒரு வார்த்தை பேசாத இரண்டு ஓரகத்திகளும் ஞாயிறுதோறும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ‘மாட்சிமை பொருந்திய சீமாட்டியே’ என்று ஒருத்தி கும்பிடுவாள். ‘எழுந்திரும் நல்ல பெண்ணே’ என்று மற்றவள் கையை நீட்டுவாள். வேஷம் கலைந்ததும் இவள் கிழக்கே, அவள் மேற்கே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான்தான் தபால்காரன். “சார், அவங்க கூடைய எடுக்கச் சொல்லுங்க, கால் படுது.” கூடை இரண்டடி தள்ளித்தான் இருக்கும்.

போன சனிக்கிழமை வக்கீலிடமிருந்து தகவல் வந்தது. மறுநாள் மாலை அதிகாரி வீடியோவில் குடும்பத்தாரிடம் பேசுவார். மனைவி மட்டும் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லை. பின்னாலிருந்து எவராவது எடுத்துக்கொடுக்கிற குரல் கேட்டால் அதிகாரி இணைப்பைத் துண்டித்துவிடுவார். இன்னொரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனதாம். அவர் என்ன கேட்டாலும், கடைசியில் கோருவது ‘கிளமன்சி’ என்று அவள் வாயால் பதிவாக வேண்டும். அந்தப் பெயரில் கேட்டால்தான் அவருக்கே விடுவிக்கிற அதிகாரம். வேறு எந்தப் பெயரில் கேட்டாலும் கோப்பு கோர்ட்டுக்குப் போய்விடும்.

எனக்கு ஆச்சரியமில்லை. உலகத்து ஆபீஸ்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கும்பிட்டு அழுதால் கோப்பில் ஏறாது. உரிய பெயரைச் சொன்னால் ஏறும்.

அஞ்சலையிடம் விளக்கினேன். தலையாட்டினாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். பயம் என்று நினைத்தேன். அந்த வார்த்தை யாருடைய பாடு என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் இந்த நேரத்தில் அதையெல்லாம் எவள் பார்ப்பாள்?

ஞாயிறு மாலை. நண்டுகளை உள்ளேயே அடைத்துக் கவிழ்த்த கூடைமேல் போனைச் சாய்த்து வைத்தோம். ஆட்டோக்கள் ஹார்ன் அடிக்காமலிருக்க பாஷா தெருமுனையில் போய் நின்றுகொண்டார். நான் போனுக்குப் பின்னால், திரையில் விழாத இடத்தில். எனக்குப் பக்கத்தில் கன்னியம்மா. வழக்கம்போல முதுகைக் காட்டி, கல்லறைச் சுவரைப் பார்த்தபடி.

அதிகாரி வந்தார். நரைத்த தாடி, களைத்த முகம். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் வக்கீல்.

பெயர்? சொன்னாள். கைதிக்கு என்ன உறவு? சொன்னாள். உங்கள் கணவர் எல்லை மீறியது தெரியுமா?

“எஸ் சார். ஹி என்டர்ட் யுவர் ஜூரிஸ்டிக்‌ஷன் வித்தவுட் லீவ். வி டு நாட் டினை.”

அனுமதியில்லாமல் நுழைந்ததை மறுக்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டதும் அதிகாரி நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். சொந்தப் பாடு, தைரியமாக வலையை வீசிவிட்டாள்.

“சரி, என்ன கோருகிறீர்கள்?”

“பார்டன், சார்.”

அதுவும் நாடகத்தில் வந்த வார்த்தைதான். யார் பாடும் இல்லாத, எல்லாருக்கும் பொதுவான வார்த்தை. அடுத்தவன் பாடு இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற படகு மாதிரி, அவள் அந்த வழியாகக் கரைசேரப் பார்க்கிறாள்!

அதிகாரி தலையசைத்தார். மன்னிப்பு என்பது தீர்ப்புக்குப் பிறகு. இங்கே தீர்ப்பே வரவில்லையே. அப்படியானால் குற்றச்சாட்டை மறுக்கிறீர்களா? வழக்கு நடத்துகிறீர்களா?

சின்னக் கட்டத்தில் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“நோ சார்!”

“பிறகு?”

அஞ்சலை வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கண்கள் திரையிலிருந்து விலகி, என்னையும் தாண்டி, கன்னியம்மாவின் முதுகில் போய் நின்றன.

நான் கத்தியிருப்பேன். கத்தினால் இணைப்பு போகும். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளில் பேனாவால் கொட்டை எழுத்தில் அந்த வார்த்தையைத் தமிழில் எழுதித் தூக்கிக் காட்டினேன். அஞ்சலை பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள்... தெரியும் சார், அதில்லை சார் என்பதுபோல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காமல் அடுத்தவர் பாடு இடத்தில் கை வைத்துத்தானே அவள் குடும்பம் இந்தக் கதிக்கு வந்தது? அங்கே ஏரியில் ஒருமுறை. கடலில் இன்னொரு முறை. மூன்றாவது முறையும் அதையே செய்து புருஷனை மீட்பதா? அவள் மாட்டாள். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். நானும் அந்த நிமிஷம் அதைத்தான் நினைத்தேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.”

அந்த மௌனம் நீண்டதும் கன்னியம்மா திரும்பினாள். வாசிப்பு நேரத்துக்கு வெளியே அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்து நான் கண்டதில்லை. அஞ்சலையின் கண்ணைப் பார்த்தாள். என் கையிலிருந்த செய்தித்தாளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். மெல்ல எழுந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவிக் கையில் பிடித்தாள்.

பிடித்துக்கொண்டே நின்றாள். உதறவில்லை.

எத்தனையோ தீர்ப்பு நாட்களில் கோர்ட் ஹாலில் நின்றிருக்கிறேன். தூக்கா, விடுதலையா என்று கூண்டில் நிற்கிறவன் முகத்தை அருகில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் தீர்ப்பு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஊகித்துவிடுவேன். இங்கே முடியவில்லை. செய்தித்தாளைக் கீழே வைத்தேன். கன்னியம்மாவின் தாடை இறுகியிருந்தது. கோபமா? அழுகையா? அந்த முகத்தில் எதைக் கண்டுபிடிப்பது?

அதிகாரியின் விரல் திரையை நோக்கி நகர்ந்தது.

கன்னியம்மா முந்தானையை உதறினாள். ஒரே உதறு. ஒட்டியிருந்த மீன் செதில்கள் மாலை வெயிலில் பளிச்சென்று தெறித்தன.

“கிளமன்சி, சார்!” என்றாள் அஞ்சலை. “ஐ பெக் யுவர் கிளமன்சி.”

அதிகாரி குனிந்து எழுதினார். “பதிவாகிவிட்டது, மேடம்” என்றார். திரை இருண்டது.

கட்டிப்பிடித்து அழுதார்களா என்று கேட்பீர்கள். இல்லை. கன்னியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டே, சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அஞ்சலையிடம் தமிழில் வாயைத் திறந்தாள்.

“ஏம்மே, என் மூஞ்சியப் பாத்துக்கினு நின்ன? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

“ஒன் பாடு, அக்கா” என்றாள் அஞ்சலை.

கன்னியம்மா கவிழ்த்த கூடையை நிமிர்த்தி, நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். அஞ்சலை எதிரே உட்கார்ந்து, ஓட முயன்ற ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். தெருமுனையிலிருந்து பாஷா ஓடி வந்தார்.

“இன்னா ஆச்சு சார்? கவர்னர் விட்டாரா?”

“எந்தக் கவர்னர்?” என்றேன். எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் யோசித்தேன். கருணையைக் கேட்க நமக்கு எல்லாருக்கும் வரும். வெட்கமில்லாமல் கேட்போம். அதற்கு என்னைப் போன்றவர்கள் அழகாக மனுவும் எழுதித் தருவோம். ஆனால் கொடுக்கிற இடத்தில் உட்காரும்போதுதான் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறோம். கன்னியம்மா வாரக்கணக்கில் அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரியாக இருந்தாள். அதைச் செலவு செய்ய அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. நண்டு விற்கத்தான் வந்தாள் என்று இப்போதும் நான் நம்பவேண்டுமா?

வியாழக்கிழமை வக்கீல் அழைத்தார். தேசப்பனை வழக்கில்லாமல் விடுகிறார்கள். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. அஞ்சலை போனை வைத்துவிட்டு நேராக ஓரகத்தி வீட்டுக்குத்தான் ஓடினாளாம். அன்று மாலை நான் போனபோது இருவரும் வாசலில் இறால் உரித்துக்கொண்டு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழில். ஆங்கிலத்தில் இருந்தவரை எத்தனை மரியாதை!

நாடகத்தில் இன்னும் ஐந்தாம் அங்கம் பாக்கி. அதில் கப்பல் தலைவனைக் கவர்னர் தூக்கில் போட்டுவிடுகிறார். நான் முன்னமே படித்துவிட்டேன். மற்ற மூவருக்கும் தெரியாது. இந்த ஞாயிறு வேறு வேலை, அடுத்த ஞாயிறு திருவிழா என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். தள்ளிப்போடுதல் என் பாடு; யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வியாழனன்று அந்த வாசலிலிருந்து கிளம்பும்போது கன்னியம்மாவிடம் கேட்டேன்: “அப்போ தேசப்பனை மன்னிச்சாச்சு?”

“யாரு சொன்னா? வார்த்தையத்தான் குடுத்தேன் சார். வரட்டும் அவன். மொதல்ல பஞ்சாயத்துல நின்னு அவங்க அண்ணன் கால்ல வுழட்டும். அப்புறமா வந்து சோறு துன்னட்டும். நண்டுக் கொழம்பு வச்சிருப்பேன்.”

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டா என்று எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன்... கிடையாது.